688-லிருந்து 751: வீட்டுக்கடனுக்கு முன்னால் கார்டுகளோடு மல்லுக்கட்டிய ஆறு மாதம்

"டாக்குமென்ட் எல்லாம் பக்கா சார். சிபில்தான் இடிக்குது" என்று கடன் பிரிவு அதிகாரி மானிட்டரை என் பக்கம் திருப்பினார். 688. வாங்கிய கடனை நான் எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறேன் என்று பார்த்து சிபில் என்ற நிறுவனம் போடும் ஸ்கோர் அது. கூடுவாஞ்சேரியில் ஒரு ஃபிளாட்டுக்காக 45 லட்சம் கேட்டுப் போயிருந்தேன். 2024 ஆகஸ்ட். கடன் கிடைக்காது என்று அவர் சொல்லவில்லை. வட்டி 9 சதவீதம் ஆகும், 750-ஐத் தாண்டி வந்தால் 8.5-க்குத் தரலாம் என்றார். இருபது வருடக் கடனுக்கு அந்த அரை சதவீதம் என்னவென்று அங்கேயே போனில் போட்டுப் பார்த்தேன். மாதத் தவணை 40,488 ரூபாயா, 39,052 ரூபாயா என்பதுதான் வித்தியாசம். மொத்தமாகப் பார்த்தால் கிட்டத்தட்ட மூன்றரை லட்சம்.

எனக்கு அவமானமாகவே இருந்தது. கார்டு பில்லை ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காதவன் நான். பில்லில் குறைந்தபட்சம் என்று போட்டிருக்கும் மினிமம் டியூவை மட்டும் கட்டினால் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று அலுவலகத்தில் பையன்களுக்கு வகுப்பெடுத்தவன்.

அன்று இரவு சிபில் ரிப்போர்ட்டை இறக்கினேன். சிபில் மாதிரி ஸ்கோர் போடும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம். நாமே நம் ஸ்கோரைப் பார்த்தால் அது குறையும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குறையாது. கடன் கேட்டு விண்ணப்பித்து வங்கி பார்த்தால்தான் கணக்கு. அந்தத் தப்பையும் நான் செய்திருந்தேன்: ஜூலையில் ஒரு ராத்திரி, வட்டியை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு தளத்தில் படிவம் நிரப்பியதில் நான்கு வங்கிகள் என் ரிப்போர்ட்டைத் தோண்டியிருந்தன.

ஆனால் பெரிய அடி அதுவல்ல. ரிப்போர்ட்டில் கடைசி மூன்று வருடத்துக்கு மாதத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். எத்தனை நாள் தாமதம் என்ற எண் அதில் வரும். என் எல்லாக் கணக்கிலும் 000, 000 என்று வரிசையாக ஓட, ஒன்றில் மட்டும் 030, 061, 091 என்று ஏறிக்கொண்டே போனது. எந்தக் கார்டு என்றே முதலில் பிடிபடவில்லை. அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. 2017-இல் ஒரு மாலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பையன் 'லைஃப்டைம் ஃப்ரீ' என்று தலையில் கட்டிய கார்டு. ஒரே ஒரு தடவை பெட்ரோல் போட்டேன். நடுவில் வீடு மாறினேன், நம்பர் மாறினேன். 2023-இல் அவர்கள் வருடக் கட்டணம் 499 போட்டிருக்கிறார்கள். ஜிஎஸ்டியோடு 589 ரூபாய். அது தாமதக் கட்டணம், வட்டி என்று குட்டி போட்டு 4,700-ஐத் தாண்டி நின்றது.

அந்தக் கார்டு வங்கிக்குப் போன் போட்டேன். வசூல் பிரிவில் பேசியவர் படு அன்பு. "ரெண்டாயிரம் கட்டுங்க சார், இன்னைக்கே செட்டில் பண்ணிடலாம்." கட்டியிருப்பேன். நல்லவேளை, வங்கியில் ஓய்வு பெற்ற சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "செட்டில்மென்ட்டுக்கு மட்டும் தலையாட்டிடாதடா. முழுசாக் கட்டு, நோ டியூ லெட்டர் வாங்கு" என்றார். குறைத்துக் கட்டினால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும். அதைப் பார்க்கிற வங்கிக்கு, இவன் முழுக் கடனையும் கட்டாதவன் என்றுதான் அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு முழுத் தொகையையும் கட்டி, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதித் தரும் அந்த நோ டியூ லெட்டரையும் வாங்கினேன்.

கட்டி ஒரு மாதம் ஆகியும் ரிப்போர்ட்டில் நிலுவை அப்படியே இருந்தது. சிபில் தளத்தில் ஆட்சேபம் போட்டேன். வங்கி உறுதி செய்யாமல் அவர்களாக எதையும் மாற்ற முடியாது. வங்கியிடமிருந்து 'தகவல் சரியே' என்று பதில் வந்தது. நோ டியூ லெட்டரைக் கொடுத்ததும் அதே வங்கிதான்! வாடிக்கையாளர் சேவையோடு மாரடிப்பதை விட்டுவிட்டு, லெட்டரை இணைத்து, வங்கியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு மெயில் எழுதினேன். 2024 ஏப்ரலிலிருந்து, இப்படிப்பட்ட புகாரை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அந்த ஒரு வரியைக் கடைசியில் சேர்த்தேன். பதினோராவது நாள் கணக்கு 'க்ளோஸ்டு', நிலுவை பூஜ்யம். ஆனால் பழைய 030, 061 கட்டங்கள் அழியவில்லை. அழியவும் அழியாது, மூன்று வருடம் ஆகி அதுவாக உதிர வேண்டியதுதான்.

இன்னொரு ஓட்டை நான் பெருமைப்பட்ட இடத்திலேயே இருந்தது. தினமும் பயன்படுத்தும் கார்டின் லிமிட் 1,20,000. ஆபீஸ் டூர் டிக்கெட்டும் அதில்தான் என்பதால் மாதம் 93,000 வரை ஓடும். 18-ஆம் தேதி பில், அடுத்த 5-ஆம் தேதிக்குள் முழுதும் கட்டிவிடுவேன். இதில் என்ன குறை? பில் போடும் அன்று என்ன பாக்கி இருக்கிறதோ அதைத்தான் இந்தக் கார்டின் வங்கி சிபிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நான் 5-ஆம் தேதி கட்டுவது அந்தப் படத்தில் வரவே வராது. மாதாமாதம் லிமிட்டில் முக்கால் பங்குக்கு மேல் தின்றுவிட்டு நிற்பவனாகத்தான் தெரிந்திருக்கிறேன். முப்பது சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள்.

செப்டம்பரிலிருந்து அதே பணத்தை 16-ஆம் தேதியே கட்ட ஆரம்பித்தேன். ஒரு பைசா செலவு குறைக்கவில்லை, நாளைத்தான் மாற்றினேன். பில் 8,000, 11,000 என்று வரத் தொடங்கியது. லிமிட்டைக் கூட்டினால் கை நீளும் என்று அதுவரை மறுத்துக்கொண்டிருந்தேன், அதையும் இரண்டரை லட்சமாக ஏற்றிக்கொண்டேன். 2014-இல் வாங்கிய முதல் கார்டை வெட்டிப் போடலாம் என்றிருந்தேன். என்னுடைய மிகப் பழைய கணக்கே அதுதான், வரலாறு நீளமாக இருந்தால் ஸ்கோருக்கு நல்லது என்பதால் விட்டுவைத்தேன். மாதம் ஒரு மொபைல் ரீசார்ஜ் அதில்.

இதையெல்லாம் பார்த்து என் மச்சான் சிரித்தான். கடனே வாங்காதவன், கார்டே இல்லாதவன். சரி, உன் ஸ்கோரைப் பார்ப்போம் என்று பார்த்தால் -1. வரலாறே இல்லை என்று அர்த்தம். அன்றோடு சிரிப்பு நின்றது.

அக்டோபரில் 701, டிசம்பரில் 724. 2025 ஜனவரியிலிருந்து வங்கிகள் பதினைந்து நாளுக்கு ஒரு முறை தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி மாறியதால் அதற்கு மேல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பிப்ரவரி நடுவில் 751. அந்த மாதமே ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தையும் 6.50-லிருந்து 6.25-க்கு இறக்கியிருந்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. மார்ச்சில் 8.25-க்குக் கையெழுத்துப் போட்டேன்.

நான் முதலில் பார்த்த இரண்டாம் மாடி ஃபிளாட் நவம்பரிலேயே கைமாறிவிட்டது. அதே கட்டடத்தில் நான்காம் மாடி கிடைத்தது, ஒன்றரை லட்சம் கூடுதல். லிஃப்ட் இருக்கிறதே என்கிறாள் மனைவி. கரன்ட் போனால்தான் தெரியும்.