வளர்ந்தபின் வரும் மச்சம்

மச்சம் எல்லாம் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. என் தம்பிக்கு 17 வயதில் தோளில் காப்பி நிறத் திட்டு படர்ந்து, அதன்மேல் முடியும் அடர்த்தியாக முளைத்தது. பெக்கர் நீவஸ் (நீவஸ் என்றால் மச்சம்) என்றார் தோல் மருத்துவர். பருவ வயதில், அதுவும் ஆண்களுக்கு அதிகம் வருமாம். முடியை லேசரில் குறைக்கலாம். நிறம் மங்கினாலும் திரும்பி வரலாம். அப்படியே விட்டாலும் பெரும்பாலும் கெடுதல் இல்லை.

கண்ணைச் சுற்றி நீலச்சாம்பலாகப் படரும் ஓட்டா நீவஸ் வேறு. நிறமி ஆழத்தில் இருப்பதால் க்ரீம் எட்டாது. மிகக் குறுகிய துடிப்புகளாகப் பாயும் க்யூ-ஸ்விட்ச்டு லேசருக்கு நன்றாகவே கேட்கும், பல அமர்வுகள் ஆகும்.

ஆனால் புதிதாக வந்த கரும்புள்ளி வளர்ந்தாலோ, ஓரம் கோணலாக இருந்தாலோ, 6 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, ரத்தம் கசிந்தாலோ, தயவுசெய்து அழகு நிலையத்தில் சுட்டு எடுக்காதீர்கள். தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு தோல் துண்டை எடுத்துப் புற்றுநோயா எனச் சோதிப்பது) செய்து பார்க்கும் தோல் மருத்துவரிடமே போங்கள்.