செத்துப்போனால் வம்பில்லை

"ஹுட் போதும் மேடம். அதுல அந்தப் பொண்ணு செத்துப்போயிடறா, வம்பில்லை."

பாடத்திட்டக் கூட்டத்தில் துறையின் மூத்தவர் சொன்னது. விக்டோரியா காலப் பகுதியில் ஒரே ஒரு கவிதைக்குத்தான் இடம் மிச்சம். ஆற்றில் மூழ்கி இறந்த பெண்ணைப் பற்றிய தாமஸ் ஹுட்டின் 'தி பிரிட்ஜ் ஆஃப் சைஸ்' (1844), அல்லது அகஸ்டா வெப்ஸ்டரின் 'எ காஸ்ட்அவே' (1870). நானும் தலையாட்டினேன். தலையாட்டியதற்குக் காரணம் இருந்தது.

ஹுட்டின் வரிகள் குட்டை. வாய்விட்டுப் படித்தாலே சந்தம் மாணவர்களை இழுத்துப் போய்விடும். வெப்ஸ்டருடையது எதுகை இல்லாத நீண்ட தன்னுரை. வசதியாக வாழும் விலைமகள் யூலலி தன் பள்ளிக்கால நாட்குறிப்பைப் புரட்டுகிறாள்: ஒரு மணி நேரம் பிரெஞ்சு படித்தேன், சாம்பல் நிறத் தொப்பியைச் சீர்செய்தேன். முழுதாக வைக்க முடியாது, வெட்டியாக வேண்டும். நாட்குறிப்பை மட்டும் எடுத்தால் பரிதாபக் கதை ஆகிவிடும். வக்கீல், பாதிரியார், பத்திரிகைக்காரர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, என் தொழிலைவிட உங்களுடையது எந்த விதத்தில் உசத்தி என்று அவள் கேட்கும் இடத்தை மட்டும் எடுத்தால் மேடைப்பேச்சு ஆகிவிடும். இறந்த குழந்தை, சகோதரன் படிப்புக்கே போன குடும்பப் பணம், தாக்குப்பிடிக்க முடியாமல் அவள் விட்டு வந்த மறுவாழ்வு இல்லம் எல்லாம் சேர்ந்தால்தான் அவள் யூலலி. அறுபது வரியில் அது அடங்காது.

ஆனால் ஹுட்டின் கவிதைக்குப் பின்னால் மேரி ஃபர்லி இருக்கிறாள். தையல் கூலியில் பிழைத்தவள். ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் பணிவிடுதிக்குத் திரும்பப் பயந்து குழந்தையோடு கால்வாயில் குதித்தாள். குழந்தை இறந்தது, அவளைத் தூக்கிவிட்டார்கள். மரண தண்டனை விதித்தார்கள். ஊரே எதிர்த்துக் கூச்சல் போட்ட பிறகு அது நாடுகடத்தலாகக் குறைந்தது. அதே 1844-இல் வந்த கவிதையில் குழந்தையும் இல்லை, நீதிமன்றமும் இல்லை. ஒரு சடலம், அதன் மார்பில் குறுக்காக மடித்து வைக்கச் சொல்லும் கைகள், அவ்வளவுதான். பிழைத்தவளைக் கவிஞர் சாகடித்தார். உயிரோடு இருந்தால் தையல் கூலி எவ்வளவு, தண்டனை ஏன் என்று யாராவது பதில் சொல்ல வேண்டுமே. எங்கள் மூத்தவர் சொன்ன காரணம் ஹுட்டுக்கே பொருந்தியிருக்கும் போல.

இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்துவதும் அநியாயம். கவிதையின் நடுவில் ஹுட் ஒழுக்கங்கெட்ட ஆணை நேராகக் கூப்பிட்டு, முடிந்தால் இந்தத் தண்ணீரில் குளி, இதைக் குடி என்கிறார். 1870-இலேயே வெளியான தாந்தே கேப்ரியல் ரொசெட்டியின் 'ஜென்னி'யில் அந்த அளவு கோபம்கூட இல்லை. பேசுகிறவனே வாடிக்கையாளன். ஜென்னி தூங்குகிறாள், அவன் இரக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறான், விடிந்ததும் அவள் கூந்தலில் பொற்காசுகளை வைத்துவிட்டுக் கிளம்புகிறான். அதோடு ஒப்பிட்டால் ஹுட் நேர்மையானவர். அப்படியென்றால் மூத்தவர் சொன்னது சரியா? முடிவு சரியாக இருக்கலாம், காரணம் சரியில்லை.

வெப்ஸ்டரை நடத்துவதென்றால் சட்டத்தையும் நடத்த வேண்டும். இங்கிலாந்தின் 1857 மணமுறிவுச் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் திருமணம் மீறிய உறவு ஒன்றே போதும்; மனைவிக்கு அதோடு கொடுமை, கைவிடல் போல இன்னொன்றும் வேண்டும். 1923 வரை அப்படித்தான். 1864-இல் வந்த தொற்றுநோய்ச் சட்டப்படி, படை நகரங்களில் விலைமகள் என்று சந்தேகிக்கப்பட்ட பெண்களைக் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தினார்கள், சிப்பாய்களை விட்டுவிட்டார்கள். ஜோசஃபின் பட்லர் போன்றவர்கள் போராடி 1886-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஹுட் என்றால் இதில் எதுவும் தேவைப்படாது. வம்பில்லை என்பதற்கு இதுவும் அர்த்தமாக இருந்திருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது, யாரும் எடுக்கவில்லை. தாமஸ் ஹார்டியின் 'தி ரூயின்ட் மெய்ட்', 1866-இல் எழுதி 1901-இல் அச்சானது. 24 வரி, வெட்டவே வேண்டாம். 'கெட்டுப்போனவள்' இறகுகளும் கையுறையுமாக நிற்கிறாள். அவள் கந்தலில் உருளைக்கிழங்கு தோண்டிய நாட்களை அறிந்த பழைய தோழி ஏங்கிப் பார்க்கிறாள். வகுப்பு சிரிக்கும். யாரைப் பார்த்துச் சிரிக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனாலேயே வேண்டாம் என்று மூத்தவர் சொல்லியிருந்தால், அந்தக் கூட்டத்தில் பதில் சொல்ல என்னிடம் ஏதும் இருந்திருக்குமா, தெரியவில்லை.