சங்கு ஊதும் நேரத்துத் தாலாட்டு

போன சனிக்கிழமை சிங்கப்பூர் ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பாடினேன், ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழா. மதியத்திலிருந்து விட்டுவிட்டு மழை. தப்பு மேளத்தின் தோல் ஈரத்தில் தொய்ந்துபோய், அடித்தால் நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டுவது மாதிரி சத்தம். ஊர்ப்பக்கம் என்றால் வைக்கோலைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுவார்கள், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கீழ்த்தளத்தில் நெருப்பு மூட்ட வழியில்லை. என்னோடு தப்பு அடிக்கிற தம்பி எப்போதும் பையில் ஒரு ஹேர் டிரையர் வைத்திருப்பான். தூணோரம் ஒரு பிளக் கிடைத்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாகச் சூடு காட்டுவதும், விரல் நுனியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதும், மறுபடி காட்டுவதுமாக ஒரு கால் மணி நேரம். கடைசியில் ஒரு தட்டு 'கிண்'ணென்று எழுந்தது பாருங்கள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

பகலில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன், பாட்டு எழுதுவதெல்லாம் ராத்திரியிலும் எம்ஆர்டி ரயிலிலும்தான். சிங்கப்பூரில் தமிழ் நாட்டுப்புறப் பாட்டை மட்டும் நம்பிப் பிழைப்பது கஷ்டம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. அந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் கல்யாண மேடை, கோயில் திருவிழா, சமூக மன்றத்துப் பொங்கல், ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நவம்பரில் எஸ்பிளனேடு கலை அரங்கில் கலா உற்சவம் எல்லாமே. கூப்பிடுகிற பாதிப் பேர் சினிமாவில் வந்த குத்துப்பாட்டைத்தான் கேட்பார்கள். ஒருமுறை ஓர் ஏற்பாட்டாளர், மேடை ஏறுவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, "சொந்தப் பாட்டு ஒன்னு போதும், மிச்சம் எல்லாருக்கும் தெரிஞ்சதா பாடிடுங்க" என்றார். பாடினேன். வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை.

ஆரம்பத்தில் தவறு என் பக்கமும் இருந்தது. நானும் நாற்று நடவு, ஏற்றம், வண்டி மாடு என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். நாற்றைக் கையால் தொட்டதுகூடக் கிடையாது, நாட்டுப்புறம் என்றால் அது தமிழ்நாட்டில்தான் இருக்கும், நமக்கு அதை எடுத்துப் பாடுகிற வேலைதான் என்று நினைத்திருந்தேன். அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, படுத்த படுக்கையாக இருந்த கடைசி மாதங்களில், என் மகளை மடியில் போட்டுக்கொண்டு பாடியதைக் கேட்டதும்தான் புத்தி வந்தது.

சங்கு ஊதி ஆச்சுதடி - உங்கப்பன்
சைக்கிள் மணி கேக்குதடி
கப்பலுக்குச் சாயம் வச்ச - கையில
கச்சாங் பூத்தே வருகுதடி

தாத்தா செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் சாயம் அடித்தவர். வேலை விடுகிற சங்கு, சைக்கிள், காகிதக் கூம்பில் கச்சாங் பூத்தே என்கிற கடலை. அப்பாயி பிறந்த ஊர் மெட்டு அப்படியே இருக்கிறது, உள்ளே இருப்பதெல்லாம் செம்பவாங். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை, கண்ணெதிரே இருந்ததைப் பாடினார், அவ்வளவுதான்.

அப்புறம் தேடிப் பார்த்தால், இந்த ஊரில் அது புதுசே இல்லை. 1893லேயே இங்கே 'குதிரைப் பந்தய லாவணி' என்று ஒரு பாட்டு நூல் அச்சாகியிருக்கிறது, ரங்கசாமி தாசன் எழுதியது. லாவணி என்பது டேப் என்கிற தோல்கருவியை அடித்து எதிரும் புதிருமாகப் பாடுகிற கூத்து மெட்டு, அதை எடுத்து அந்த மனிதர் இந்த ஊர்க் குதிரைப் பந்தயத்தைப் பாடியிருக்கிறார்! அப்போது பந்தயத் திடல் இருந்தது ஃபேரர் பார்க்கில், அதனால்தான் தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) இன்றைக்கும் ரேஸ்கோர்ஸ் சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் எத்தனையோ தடவை மீன்தலைக் கறி சாப்பிட்டிருக்கிறேன், இப்படி ஒரு பாட்டு இருந்தது தெரியாமலேயே. பள்ளியில் யாராவது ஒரு வரி சொல்லிக்கொடுத்திருந்தால் நாற்று நடவில் எனக்கு அத்தனை வருடம் போயிருக்காது.

தைப்பூசத்தையும் சொல்லியாக வேண்டும். 1973 முதல் ஊர்வல வழியில் வாத்தியம் வாசிக்கத் தடை இருந்தது, 2016இல்தான் மூன்று இடங்களில் மேளம் மறுபடி கேட்டது. சின்ன வயதில் மாமா காவடி எடுத்தபோது, பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை நாங்கள் கைதட்டியும் வாயால் தாளம் போட்டும்தான் சிந்து பாடிக்கொண்டு போனோம். தாளத்தை வாயிலேயே பிடிக்கிற பழக்கம் எனக்கு அங்கே வந்ததுதான். இப்போதும் ஒரு பாட்டைக் கருவி இல்லாமல் நடந்துகொண்டே பாடிப் பார்ப்பேன், நடைக்கு ஒட்டாத வரியை எடுத்துவிடுவேன்.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். இரவு பத்தரைக்குள் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பதால் கடைசியாக ஒன்றுதான் பாட நேரம் இருந்தது. "பாட்டி, இது உங்க பேரனுக்கு" என்று சொல்லிவிட்டு, தப்பை ஓரமாக வைக்கச் சொல்லி, வெறும் குரலில் அப்பாயியின் தாலாட்டைப் பாடினேன். முடித்ததும் அந்தப் பாட்டி நாற்காலியைப் பிடித்து மெதுவாக எழுந்து வந்தார். அவருடைய அம்மா ஈசூனில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவராம். "எங்கம்மா வேற மாதிரி பாடும் தம்பி" என்று சொல்லி, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பாடினார்:

பால்மரத்துக் காட்டுக்குள்ள - கண்ணே
பனி விழுகும் நேரத்துல
மங்கு நெறையுமுன்னே - கண்ணே
மழை வருமோ சொல்லு கண்ணே

மங்கு என்றால் பால் வடிகிற கிண்ணம். மழைத்தண்ணி கலந்துவிட்டால் அன்றைக்கு வெட்டின பால் வீண், கூலியும் போச்சு. அந்தப் பயத்தைப் பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டில் வைத்துவிட்டு அந்த அம்மா விடிகாலை இருட்டில் வேலைக்குப் போயிருக்கிறார்.

அடுத்த அடி பாட்டிக்கு நினைவுக்கு வரவில்லை. "மல்லாந்து படுத்தா வரும்" என்றார். வியாழக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன், காலையில் பாட்டி வீட்டுக்குப் போகிறேன்.