ஐ7 ஸ்டிக்கரை நம்பித் தஞ்சாவூருக்கு மூன்று நடை

குறுவை நெல் போட்ட பணம் வங்கியில் ஏறிய மறுநாளே பாபநாசத்தில் பஸ் பிடித்துவிட்டேன். மகள் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தோழியின் மடிக்கணினியை இரவல் வாங்கியே முதல் ஆண்டை ஓட்டியவள். என்னால் ஒதுக்க முடிந்தது 16,000 ரூபாய். அந்த விலைக்குப் புதிதாக வாங்குவதைவிட நல்ல பழையதே மேல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். இன்றும் அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன்.

தஞ்சாவூர்க் கடைக்காரர் முன்பே வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, “ஐ7, 2018 மாடல், விண்டோஸ் 11” என்று எழுதியிருந்தார். ஐ7 என்பது கணினியின் மூளையான ப்ராசஸரில் இன்டெல் கம்பெனி வைத்திருக்கும் ஒரு வகைப் பெயர். நேரில் பார்த்தபோதும் மேல்மூடி பளபளத்தது. விசைப்பலகைக்குக் கீழே நீல நிற ஐ7 ஸ்டிக்கர், ஓரம்கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது. விசைகளில் எழுத்து தேய்ந்திருக்க, ஸ்டிக்கர் மட்டும் எப்படிப் புதிதாக இருக்கிறது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். 15,500 எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் போட்டால் திரை வந்து நிற்பதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடுகிறது. கணினிக்குள் என்ன இருக்கிறது, என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரை மகள் திறந்தாள். நினைவகம் 4 ஜிபி. சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க், அதன் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நின்றது. சிபியு, அதாவது ப்ராசஸர், என்ற இடத்தில் ஐ7-3520எம். “அப்பா, இது மூன்றாம் தலைமுறை. 2012இல் வந்தது” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐ3, ஐ5, ஐ7 என்பதை வைத்து இன்டெல் சிப்பின் வயதைச் சொல்ல முடியாது. கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் அது இருக்கிறது. 3520 என்றால் மூன்று, 8350 என்றால் எட்டு. 10210, 1135ஜி7 என்று ஒன்றில் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: பத்து, பதினொன்று. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் கோர் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். என் இயந்திரத்தில் அந்தச் சோதனையைத் தாண்டிக் குறுக்குவழியில் ஏற்றியிருந்தார்கள். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வரும் என்ற உறுதி கிடையாது. விண்டோஸ் 10க்கே திரும்பலாம் என்றால், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது.

இரண்டாம் நடை வீண். ஐப்பசி மழையில், யூரியா மூட்டையின் உள்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். “முதலாளி திருச்சிக்குப் போயிருக்கிறார், நாளைக்கு வாருங்கள் அண்ணே” என்றான் கடைப் பையன். பில்லை நீட்டினேன். திருப்பிக் காட்டினான்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. முன்பக்கத்தில் ‘லேப்டாப் - 1’ என்பதைத் தவிர ஒரு எண்கூட இல்லை. பில் போடும்போதே ப்ராசஸர் எண், நினைவகம், எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்பகம்) அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

மறுநாள் முதலாளி இருந்தார். “ஐ7 கேட்டீர்கள், ஐ7தானே கொடுத்தேன்?” என்றார். நான் குரலை உயர்த்தவில்லை. அவரே அனுப்பிய ‘2018 மாடல்’ செய்தியையும், இன்டெல் தளத்தில் அந்த எண்ணுக்கு எதிரே 2012 என்றிருப்பதையும் அடுத்தடுத்துக் காட்டினேன். கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். கொஞ்ச நேரம் கைபேசியையே பார்த்தவர், பிறகு பையனை மாடிக்கு அனுப்பினார். அந்த ஒரு வாட்ஸ்அப் வரி இல்லையென்றால் என் 15,500 போனதுதான்.

மேலும் 4,500 கொடுத்து மாற்றிக்கொண்டேன். ஒதுக்கியதைத் தாண்டிய மீதியை மனைவி சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துத் தந்திருந்தாள். ஐ5-8350யு, 8 ஜிபி டிடிஆர்4 நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி. ஐ7 போய் ஐ5 வந்ததே என்று அண்ணன் கேட்டார். வேலையில் இதுதான் பல மடங்கு வேகம். இந்த முறை மகளையும் அழைத்துப் போயிருந்தேன். கடையிலேயே டாஸ்க் மேனேஜர் பார்த்தாள். விண்டோஸின் ரன் பெட்டியில் டிபிஎம்.எம்எஸ்சி (tpm.msc) என்று ஆங்கிலத்தில் தட்டி, 2.0 என்று வருவதையும் பார்த்தாள். பிறகுதான் பில்லில் எண்களை எழுத வைத்தோம்.

பேட்டரி ரிப்போர்ட்டை மட்டும் வீட்டுக்கு வந்துதான் எடுத்தாள். 60 வாட்-மணி மின்சாரம் கொள்ள வேண்டிய பேட்டரி 37தான் கொள்கிறது. சம்பா அறுவடை முடிந்ததும் அதை மாற்ற வேண்டும்.