சிலாதோரணமும் சந்திரகிரி ராஜமகாலும்: மாதவரத்திலிருந்து ஒரு நாள்

திருமலையில் இருக்கும் சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவையும், திருப்பதி பக்கத்துச் சந்திரகிரி ராஜமகாலையும் ஒரே நாளில் பார்க்க நினைத்தால், வெள்ளிக்கிழமை போகாதீர்கள். சந்திரகிரி ராஜமகாலில் இருப்பது மத்திய தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அன்று அதற்கு விடுமுறை. புரட்டாசிச் சனியும் வேண்டாம், கூட்டம் தாங்காது. தரிசனத்தையும் இதோடு சேர்க்காமலிருப்பது நல்லது. வரிசையில் நின்றால் பாறைக்கும் நேரமிருக்காது, மகாலுக்கும் நேரமிருக்காது. பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சென்னை மாதவரம் புறநகர் பேருந்து நிலையத்தில் விடிகாலை ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் திருப்பதி. முதலில் மலைக்குப் போய்விடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மேலே தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலைப் பேருந்தில் ஜன்னலோரம் பிடியுங்கள். அடிவாரத்தில் உருண்டு திரண்ட கருங்கல். மேலே போகப் போக அடுக்கடுக்கான, செங்குத்தான குவார்ட்சைட் என்னும் இறுகிய மணற்பாறை. அடியிலுள்ள கருங்கல் தேய்ந்து தேய்ந்து, அதன்மேல் மணல் படிந்து இறுகிப் பாறையாவதற்குள் சுமார் 80 கோடி ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்துக்கான பாறையே அங்கு இல்லை. பக்தர்களில் முக்கால்வாசிப் பேர் தூங்கிக்கொண்டே இதைக் கடந்துவிடுகிறார்கள்.

கோயிலுக்கு வடக்கே சுமார் 1 கி.மீ. தூரத்தில் சிலாதோரணம். அகலம் 8 மீட்டர், உயரம் 3 மீட்டர்தான். படத்தில் பார்த்துப் பெரிதாக எதிர்பார்த்தவர்கள் 'இவ்வளவுதானா' என்பார்கள். உயரத்தை விடுங்கள், இரண்டு பாறைகளை மேலே இணைக்கும் அந்த மெல்லிய பகுதியைப் பாருங்கள். மென்மையான அடுக்குகளை மழையும் காற்றும் அரித்துத் தள்ள, கெட்டியானது மட்டும் வளைவாக நின்றுவிட்டது. வேலி போட்டிருக்கிறது, ஏறிப் படமெடுக்க நினைக்காதீர்கள்.

மதியத்துக்குள் இறங்கி, சந்திரகிரிக்குப் பஸ்ஸோ ஆட்டோவோ பிடியுங்கள். மாலை 5 மணிக்கு அருங்காட்சியகம் மூடிவிடுவார்கள், 3 மணிக்காவது உள்ளே இருக்க வேண்டும். மூன்றடுக்கு ராஜமகால் முழுக்கக் கல், செங்கல், சுண்ணாம்புதான், மரமே சேர்க்கவில்லை. விஜயநகரத்தின் கடைசி அரசர்கள் இங்கிருந்து ஆண்டார்கள். 1639-இல் நம் ஜார்ஜ் டவுனுக்குப் பக்கத்தில் கோட்டை கட்ட ஆங்கிலேயருக்கு இடம் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், இந்த அரசர்களுக்குக் கீழ்ப்பட்டவர். பக்கத்து ராணிமகாலின் கீழ்த்தளம் அந்தப்புரம் மாதிரி இல்லை, குதிரை லாயம் மாதிரிதான் இருக்கிறது.

முழங்கால் ஒத்துழைத்தால், சந்திரகிரிப் பக்கம் சீனிவாச மங்காபுரத்தை அடுத்த ஸ்ரீவாரி மெட்டு வழியாகவும் மலையேறலாம்: 2388 படிகள். அப்படியானால் இரவு தங்கி, மகாலை மறுநாளுக்கு வையுங்கள்.