உஸ்கான் போட்ட படிகளில் பரங்கிமலைக்கு

பரங்கிமலைக்கு மேலே போக இரண்டு வழி. வண்டியில் வருபவர்களுக்குத் தார்ச்சாலை, நடப்பவர்களுக்குப் படிக்கட்டு. அம்மாவுக்கு முட்டி வலி என்பதால் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் படியேறினேன். வயதானவர்களோடு போகிறவர்கள் மலை உச்சி வரை வரவேண்டும் என்று ஆட்டோக்காரரிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

மலை சுமார் 300 அடி உயரம்தான். அடிவாரத்தில் 1547 என்று ஆண்டு பொறித்த வெள்ளை வளைவு வாசல். ஏறும் வழியில், இயேசு சிலுவை சுமந்து போன பயணத்தைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள். எனக்கு முன்னால் ஒரு பாட்டி நிலைக்கு நிலை நின்று, செபம் சொல்லி, மூச்சு வாங்கிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அடுத்த படியில் கால் வைத்தார். அவர் ஏறிய அந்தப் படிகளைக் கட்டித் தந்தவர் 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த அர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில், 1726இல் அடையாற்றுக்குப் பாலம் கட்டியவரும் அவரேதான். ஆற்றைக் கடக்கப் பாலம், மலை ஏறப் படி! யாத்திரை வருகிறவனின் கால் வலியை நினைத்துக் காசு செலவழித்த மனுஷன். வளைவு வாசலில் நின்று படம் எடுக்கிறவர்கள் அவர் பெயரையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

மேலே மாதா கோயில் சின்னதுதான். போர்த்துக்கீசியர் காலத்தது. பீடத்துக்குப் பின்சுவரில் இருக்கிறது ஒரு பழைய கற்சிலுவை. 1547இல் அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்தது. கிட்டே போய்ப் பார்த்தால் சிலுவைக்கு மேலே தலைகீழாக இறங்கும் புறா, சுற்றி வளைவாக பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்துகள். இயேசுவின் சீடர் தோமையார் இந்த மலையில்தான் உயிர்விட்டார் என்பது மரபு. அம்மா அதற்குள் முதல் வரிசையில் உட்கார்ந்து செபமாலையைப் பாதி முடித்திருந்தார். “அவசரப்படாதே, நீயும் உட்காரு” என்றார். உட்கார்ந்தேன்.

வெளியே வந்தால் விமான நிலையத்தின் ஓடுபாதை கண்ணுக்கு நேரே. பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அங்கிருந்து நகரமாட்டார்கள்.

உச்சி வெயிலில் மட்டும் படியேற வேண்டாம். காலையில் சீக்கிரம், இல்லையென்றால் நான்கு மணிக்கு மேல். கையில் தண்ணீர் பாட்டில் இருக்கட்டும். மின்சார ரயில், மெட்ரோ இரண்டுக்கும் பரங்கிமலையிலேயே நிலையம் இருக்கிறது. அப்புறம், டிசம்பர் 18 மாதா திருநாள். கூட்டம் வேண்டாம் என்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.