நாளைய பெட்ரோல் விலை இன்றே தெரியும் ஊர்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கு வந்து மூன்றாவது வாரம் கார் வாங்கினோம். பத்து வருடம் ஓடிய பழைய டொயோட்டா. வாடகைக்கு முன்பணம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை, குளிருக்குக் கம்பளி என்று கையிருப்பு கரைந்துகொண்டிருந்த நேரம். வீட்டில் ஒரே சம்பளம். எதைக் கையில் எடுத்தாலும் மனசு உடனே ரூபாயில் பெருக்கிப் பார்க்கும். அப்படி இருக்கையில் முதல்முதலாகப் பெட்ரோல் போடப் போனேன். அன்று புதன்கிழமை.

ஊரில் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் போதும், "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்லி அவர்களே போட்டுவிடுவார்கள். இங்கே யாரும் வருவதில்லை. நாமே இறங்கி, மூடியைத் திறந்து, குழாயை மாட்டி, நிரம்பியதும் உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். 91, 95, 98 என்று மூன்று வகை இருந்தது. எண் பெரிதாக இருந்தால் வண்டிக்கு நல்லது என்று நம்பி 98 போட்டேன். தொண்ணூறு டாலரைத் தாண்டிவிட்டது. அந்த வாரக் காய்கறிச் செலவே அவ்வளவு வராது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். இருபது வருடமாக இங்கே இருப்பவர். மாலையில் அவரிடம் சொன்னபோது, "ஏன் பிள்ளை புதன்கிழமையில அடிச்சனீர்? நேற்று அடிச்சிருக்கலாமெல்லே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நம் ஊரில் 2017 ஜூனில் தினமும் காலை ஆறு மணிக்கு விலையை மாற்றும் முறை வந்தது, சரி. ஆனால் மாறினாலும் பெரும்பாலும் பைசாக் கணக்கில்தான். ஒரே ஊருக்குள் எந்தப் பங்க்குக்குப் போனாலும் ஏறக்குறைய ஒரே விலை. கிழமை பார்த்துப் பெட்ரோல் போடும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வரும்?

அக்கா தன் போனில் ஃபியூவல்வாட்ச் பக்கத்தைத் திறந்து காட்டினார். மேற்கு ஆஸ்திரேலிய அரசு 2001 ஜனவரியில் தொடங்கிய ஏற்பாடு இது. ஒவ்வொரு பங்க்கும் நாளைக்கு என்ன விலை என்பதை இன்று மதியம் இரண்டு மணிக்குள் அரசுக்குச் சொல்லிவிட வேண்டும். இரண்டரை மணிக்கு மேல் அது எல்லோருக்கும் தெரியும்படி வந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த விலை நடைமுறைக்கு வந்தால், அதிலிருந்து 24 மணி நேரம் அதை மாற்றக் கூடாது. கூட்டம் வருகிறதே என்று நடுவில் ஏற்ற முடியாது. சிட்னியில் இருக்கும் என் தோழிக்கு இந்த வசதி கிடையாது. அங்கே விலை ஏறி இறங்கும் சுற்று பல வாரங்களுக்கு நீளும், விலைப் பலகை எப்போது மாறும் என்றும் சொல்ல முடியாது.

பெர்த்தில் அந்தச் சுற்று ஒரே வாரம். நாங்கள் பார்த்தவரை செவ்வாய்க்கிழமை அடிமட்ட விலை, புதன் காலையில் பல பங்க்குகளில் ஒரே தாவலாக லிட்டருக்கு இருபது, முப்பது சென்ட் ஏறும். பிறகு நாளுக்கு நாள் மெல்ல இறங்கி மறுபடி செவ்வாய்க்கு வரும். முப்பது சென்ட் வித்தியாசம் என்றால் நாற்பது லிட்டருக்குப் பன்னிரண்டு டாலர். புதிதாக வந்த குடும்பத்துக்கு அது அரிசிக்கும் பாலுக்கும் ஆகும் பணம்.

"செவ்வாயோ வெறுவாயோ" என்று என் பாட்டி அன்றைக்கு எந்த நல்ல காரியமும் தொடங்க மாட்டார். ஆனால் செவ்வாய் முருகனுக்கு உகந்த நாள் அல்லவா? இப்போது மாண்டோகாலப் பாலமுருகன் கோயிலுக்குப் போகும் செவ்வாய்களில் வழியிலேயே டேங்கை நிரப்பிவிடுகிறோம். மாலை ஐந்து மணிக்குப் போனால் வரிசை தெருவரை நிற்கும். ராத்திரி சாப்பிட்ட பிறகு போனால் அதே விலை, கூட்டமும் இல்லை. என் கணவருக்குப் புதன்கிழமை விடிகாலை ஷிஃப்ட். ஐந்தரை மணிக்குத் திறந்திருக்கும் பங்க்கில் அவருக்குச் செவ்வாய் விலைதான். ஆறு மணிக்குத்தானே மாறும்.

ஒன்று முக்கியம். செவ்வாய் என்பது வழக்கம், சட்டம் இல்லை. முன்பு திங்கள்தான் மலிவான நாளாக இருந்தது என்று அக்கா சொல்வார். சட்டம் உறுதி சொல்வது 24 மணி நேர விலையை மட்டும். அதனால் கிழமையை நம்பி உட்காராமல் பார்த்துவிட்டுப் போவதே நல்லது. நான் மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது பார்த்துவிடுவேன். ஃபியூவல்வாட்சில் எங்கள் பகுதியான கேனிங் வேல் பெயரைப் போட்டு, இன்று, நாளை இரண்டையும் பார்த்தால் வேலை முடிந்தது. நாளை இறங்குகிறது என்றால் காத்திருக்கலாம், ஏறுகிறது என்றால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நேராகப் பங்க்.

அப்புறம் அந்த 98. பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் என்ன போட வேண்டும் என்று ஒட்டியிருக்கும், எங்கள் காரில் 91. அந்த எண் எஞ்சினில் பெட்ரோல் தானாக வெடிக்காமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதைக் காட்டுவது, தரத்துக்கு மதிப்பெண் இல்லை. 91 கேட்கும் எஞ்சினுக்கு 98 போடுவதில் கூடுதல் செலவைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. 95 அல்லது 98 கட்டாயம் என்று எழுதியிருக்கும் கார்களுக்கு அதைத்தான் போட வேண்டும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மலிவைத் தேடி வெகுதூரம் ஓடுவதும் வேண்டாம். பத்து கிலோமீட்டர் தள்ளி ஐந்து சென்ட் குறைவு என்று போனால் நாற்பது லிட்டரில் மிச்சம் இரண்டு டாலர். போய்வர இருபது கிலோமீட்டர். நூறுக்கு எட்டு லிட்டர் குடிக்கும் காரில் ஒன்றரை லிட்டருக்கு மேல் காலி. சூப்பர்மார்க்கெட் ரசீதில் வரும் நான்கு சென்ட் தள்ளுபடியும் இப்படித்தான். அது செல்லும் பங்க்கின் விலையே பக்கத்துப் பங்க்கை விட எட்டு சென்ட் கூட இருந்தால் என்ன பயன்? கழித்த பிறகு வரும் விலையைப் பாருங்கள்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்கு வந்தது. கார் வாங்கியதைச் சொல்ல அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். அன்று திங்கள். "டேங்க்ல எவ்வளவு இருக்கும்மா?" என்று கேட்டேன். "கால்வாசிங்கக்கா." மணி மூன்றாகியிருந்தது. போனை எடுத்து நாளைய விலையைக் காட்டினேன்.